களிம்பும் இன்ஹேலரும் பகையா?

மேடவாக்கத்திலிருந்து இப்பகுதியைத் தொடர்ந்து வாசித்துவரும் அம்மையார் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவருக்கு வயது 64. பல ஆண்டுகளாக ஆஸ்துமா உண்டு. மருத்துவர் சொற்படி காலையும் இரவும் இன்ஹேலர் உறிஞ்சி நலமாகவே இருந்து வந்தார். கார்த்திகையில் விரதம் தொடங்கியதுமுதல் விடியற்காலை நீராட்டம், ஈர வேட்டி, அப்படியே பூஜை. மார்கழி முடிவதற்குள் இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை வட்டம் வட்டமாகப் படர்ந்துவிட்டது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் பூசினார். மூன்றே நாளில் அரிப்பு அடங்கியது. இரண்டு வாரத்தில் முன்னிலும் அகலமாகத் திரும்பியது. இப்படியே நான்கு குழாய்கள் தீர்ந்தன. பிறகு உறவினர் ஒருவருக்கு மருத்துவர் எழுதித் தந்திருந்த கேப்சூல் மீதமிருக்க, அதையும் வாங்கி விழுங்கத் தொடங்கினார். அதற்குள் யாரோ, “பூஞ்சைக் களிம்பும் இன்ஹேலரும் சேர்ந்தால் ஆகாது” என்று சொல்ல, இவர் நிறுத்தியது இன்ஹேலரை! எட்டு நாளாயிற்று, இரவில் மூச்சு இரைக்கிறது, படுக்க முடியவில்லை. “எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது? விரத நாளில் இன்ஹேலர் எடுக்கலாமா?” என்பது அம்மையாரின் கேள்வி.

அம்மா, முதலில் ஒன்று. இந்தப் பகுதியைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திராமல் உங்கள் கணவர் தம் இன்ஹேலரை வழக்கமான அளவில் மீண்டும் எடுக்கட்டும். நாளைக் காலையே அந்தக் களிம்புக் குழாய், கேப்சூல் அட்டை, இன்ஹேலர் மூன்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு அவருடைய மூச்சு மருத்துவரிடம் செல்லுங்கள். அதற்கு முன் பேச முடியாத அளவு இரைப்பு வந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், தலைசுற்றி மயக்கம் வந்தாலும், ஓயாமல் வாந்தி எடுத்தாலும் நேரம் பாராது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். படர்தாமரை துன்பம் தரும் நோய்தான். ஆனால் அது உயிரை வாங்காது. கட்டுப்படாத ஆஸ்துமா வாங்கும்.

இனி, உங்களுக்குச் சொல்லப்பட்ட செய்தியில் எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்று பார்ப்போம்.

பூஞ்சையைக் கொல்லும் மருந்து மட்டுமே உள்ள களிம்பு இன்ஹேலரோடு சண்டையிடுவதில்லை. க்ளோட்ரிமசோல், லூலிகோனசோல், டெர்பினாஃபின், கீட்டோகோனசோல் என்று பெயர்கள் பல. இவற்றைத் தோலின் மேல் பூசும்போது தோலின் மேலடுக்கிலேயே தங்கி வேலை செய்கின்றன. இரத்தத்துக்குள் செல்வது மிக மிகச் சொற்பம். க்ளோட்ரிமசோலை எடுத்துக்கொண்டால், புண்ணில்லாத தோலில் பூசியதில் நூற்றில் ஒரு பங்குகூட உள்ளே புகுவதில்லை. நுரையீரலுக்குள் செல்லும் மருந்தைத் தொந்தரவு செய்ய அது போதாது. ஆகவே, “பூஞ்சைக் களிம்பா, இன்ஹேலரை நிறுத்து” என்பது எவ்வகையிலும் சரியன்று.

அப்படியானால் ஆபத்து எங்கே? உங்கள் கடிதத்திலேயே இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கிறது.

முதலாவது, அந்தக் களிம்பின் மேலட்டை. நீங்கள் அதிலுள்ள பெயர்களைப் பொறுமையாகப் பார்த்து எழுதியனுப்பியதற்கு நன்றி. மைக்கோனசோல் என்று ஒன்று, நியோமைசின் என்று ஒன்று, க்ளோபெட்டசால் என்று ஒன்று. முதலாவது பூஞ்சைக்கு, அடுத்தது பாக்டீரியாவுக்கு. மூன்றாவதான க்ளோபெட்டசால் ஒரு ஸ்டீராய்டு. அதுவும் தோலில் பூசும் ஸ்டீராய்டுகளுள் மிகக் கடுமையான வகையைச் சேர்ந்தது. மூன்று நாளில் அரிப்பு அடங்கியது இதனால்தான். ஸ்டீராய்டு, உடலின் எதிர்ப்பை அடக்கிச் சிவப்பையும் அரிப்பையும் தணிக்கும். பூஞ்சைக்கு அது காவலர் உறங்கிய வீடு போல. கண்ணுக்கு ஆறியது போலத் தோன்ற, உள்ளே பரவிக்கொண்டே போகும். வட்டத்தின் விளிம்பு கலைந்து, பார்த்த மருத்துவருக்கே இது படர்தாமரைதானா என்ற ஐயம் எழும்படி உருமாறிவிடும். தோல் மெலிந்து, சிவந்த நரம்புக் கோடுகளும் வரித் தழும்புகளும் விழும்.

இதற்கும் இன்ஹேலருக்கும் என்ன தொடர்பு? உங்கள் கணவர் உறிஞ்சும் மருந்தில் புடசோனைடு இருக்கிறது, அதுவும் ஸ்டீராய்டுதான். உடனே அஞ்ச வேண்டாம். மைக்ரோகிராம் கணக்கில், மூச்சுக்குழாய்க்கு நேரே செல்லும் அளவான ஸ்டீராய்டு அது. ஆஸ்துமாவுக்கு அடிப்படை மருந்தே அதுதான். ஆனால் இடுப்பிலும் தொடை மடிப்பிலும் நாள்தோறும் கடும் ஸ்டீராய்டைப் பூசினால், வியர்வையும் ஈரமும் அழுத்தமும் சேர்ந்த அவ்விடங்களில் அது மற்ற இடத்தைவிடப் பன்மடங்கு உள்ளே இறங்கும். நாளொன்றுக்கு 2 கிராம் அளவு பூசினாலே க்ளோபெட்டசால் சிலருக்கு உடலின் சொந்தச் சுரப்பை அடக்கிவிடக் கூடும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, நம் உடலுக்குத் தேவையான கார்ட்டிசாலை நாள்தோறும் தானே சுரந்து தருகிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டேயிருந்தால், தன் வேலை தேவையில்லை என்று அது ஓய்ந்துவிடும். இன்ஹேலர் வழியாக ஓரளவு, களிம்பு வழியாக ஓரளவு என்று இரண்டும் ஒரே கணக்கில் கூடுகின்றன. வீட்டில் இருவர் தனித்தனியே கடன் வாங்கி, மொத்தம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாமல் போவதைப் போன்றது இது.

இத்தகைய களிம்பு சீட்டில்லாமல் எளிதாகக் கிடைப்பது நம் நாட்டின் பழைய பிணி. 2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டுக் களிம்புகள் பதினான்கினை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளைத் தடைசெய்தபோது, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்புகள் பல அந்தப் பட்டியலில் இருந்தன. சட்டம் இருக்கிறது. ஆயினும் “அரிப்புக்கு ஒரு க்ரீம் கொடுங்க” என்று நாம் கேட்பதும், அவர் எடுத்து நீட்டுவதும் நின்றபாடில்லை. கடைக்காரரை மட்டும் நொந்து பயனில்லை; கேட்கும் வாய் நம்முடையது.

இரண்டாவது ஆபத்து கேப்சூல். இதுதான் பெரியது.

அட்டையில் இட்ராகோனசோல் என்று எழுதியிருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது நல்ல மருந்து. தக்க நோயாளிக்குத் தக்க அளவில் மருத்துவர் தருவது. ஆனால் களிம்பைப் போல அது தோலோடு நிற்பதில்லை. வயிற்றுக்குள் சென்று, இரத்தத்தில் கலந்து, கல்லீரலை அடைகிறது. கல்லீரலிலும் குடற்சுவரிலும் சைட்டோகுரோம் 3ஏ4 என்னும் நொதி ஒன்று உண்டு. நாம் விழுங்கும் மருந்துகளில் பலவற்றை உடைத்து வெளியேற்றும் பணி அதனுடையது. இட்ராகோனசோல் அந்த நொதியின் கையைக் கட்டிவிடும்.

இன்ஹேலரில் உறிஞ்சும் மருந்து முழுவதும் நுரையீரலுக்குச் செல்வதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும் படிந்து, எச்சிலோடு வயிற்றுக்குள் இறங்குகிறது. அது உடலுக்குத் தீங்கு செய்யாமல் இருப்பதற்குக் காரணம், மேற்சொன்ன நொதி அதைக் கல்லீரலிலேயே உடைத்துத் தள்ளிவிடுவதுதான். புடசோனைடு, ஃப்ளூட்டிகசோன் இரண்டும் இந்த நொதியை நம்பியே பாதுகாப்பானவை. நொதி கட்டுண்டால், உடைய வேண்டிய ஸ்டீராய்டு உடையாமல் இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். நுரையீரலிலிருந்து இரத்தத்தில் கலந்த பங்கும் வெளியேறாமல் தங்கிவிடும். அளவு கூட்டாமலே அளவு கூடிவிடும்.

இது கற்பனைக் கணக்கன்று. ஃபின்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் நோயற்ற தொண்டர்களுக்கு இட்ராகோனசோலைக் கொடுத்து, பின் புடசோனைடை உறிஞ்சச் செய்து பார்த்தார்கள். இரத்தத்தில் புடசோனைடின் அளவு சுமார் 4 மடங்கு உயர்ந்தது. டென்மார்க்கில் இவ்விரு மருந்துகளையும் சேர்த்து எடுத்துவந்த சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் நுரையீரல் நோயாளிகள் 25 பேரைச் சோதித்ததில், 11 பேருக்கு அட்ரீனல் சுரப்பி சோர்ந்திருந்தது தெரியவந்தது. இரண்டு ஆய்வுகளும் 2002இல் வெளியாயின. அவர்கள் நாள்பட எடுத்தவர்கள். உங்கள் கணவர் எடுத்தது சில நாள்கள்தான் என்பது ஆறுதல். ஆயினும் அவருக்குக் களிம்பின் ஸ்டீராய்டு மாதக் கணக்கில் முன்பே சேர்ந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது. களிம்பு, கேப்சூல், இன்ஹேலர் மூன்றும் கூடி நின்ற வேளையில் ஒன்றைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ஓய்ந்துபோன சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது. அதனால்தான் மயக்கம், வாந்தி என்று முதலிலேயே எச்சரித்தேன்.

முகம் உருண்டு உப்புதல், லேசாக இடித்தாலே தோலில் நீலம் பாய்தல், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் காரணமின்றி ஏறுதல், படியேறக் கால் வலுவிழத்தல் ஆகியவை ஸ்டீராய்டு மிகுந்ததன் அறிகுறிகள். இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவையெனில் காலை நேரத்துக் கார்ட்டிசால் அளவை இரத்தத்தில் பார்ப்பார்.

சால்மீட்டிரால் கலந்த இன்ஹேலர் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு சொல். மாத்திரையாக உண்ணும் கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் ஆகியவை அந்தச் சால்மீட்டிராலையும் இரத்தத்தில் கூட்டும். நெஞ்சு படபடக்கும், துடிப்பின் தாளம் தவறும். கால் வீக்கமோ இதயப் பலவீனமோ உள்ளவர்களுக்கு இட்ராகோனசோலே ஆகாது. கொழுப்புக்கு உண்ணும் மாத்திரைகள் சிலவும் அதனோடு ஒத்துப்போகா. உறவினருக்கு எழுதிய கேப்சூலை நாம் விழுங்கலாகாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

மருத்துவரிடம் வழி பல உண்டு. டெர்பினாஃபின் மாத்திரை அந்த நொதியைக் கட்டுவதில்லை. இட்ராகோனசோல்தான் வேண்டுமென்று தோல் மருத்துவர் கருதினால், அந்த நொதியை அவ்வளவாகச் சாராத பெக்லோமெத்தசோன் இன்ஹேலருக்கு மூச்சு மருத்துவர் சிலகாலம் மாற்றித் தரக்கூடும். கேப்சூல் நிறுத்திய பின்னும் அதன் பிடி ஓரிரு வாரம் நீடிக்கும். அந்த நாள்களையும் கணக்கில் கொள்வார்கள். இவை எல்லாம் இரு மருத்துவர்களும் ஒரே பையைப் பார்த்தால்தான் நடக்கும். தோல் மருத்துவரிடம் ஆஸ்துமாவைச் சொல்வதில்லை, மூச்சு மருத்துவரிடம் படர்தாமரையைச் சொல்ல வெட்கம். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்.

“முன்பெல்லாம் படர்தாமரை இப்படி அடம் பிடிக்காதே” என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மை. நம் நாட்டில் இப்போது பரவியிருக்கும் பூஞ்சை வகை புதிய குணமுடையது. ஜப்பானில் இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து எடுத்த பூஞ்சையை ஆராய்ந்தவர்கள் 2020இல் அதற்கு ட்ரைகோஃபைட்டான் இண்டோட்டினியே என்று நம் நாட்டின் பெயரையே சூட்டினார்கள். பெருமைப்படத் தக்க பெயர்சூட்டல் அன்று! இதில் டெர்பினாஃபினுக்கு அடங்காதவை மிகுதி. அதனால்தான் தோல் மருத்துவர்கள் இட்ராகோனசோலை இப்போது அடிக்கடி எழுதுகிறார்கள். அதனால்தான் இன்ஹேலர் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செய்தி இன்று அவசியமாகிறது.

மருந்து வேலை செய்ய வேண்டுமானால் வீடும் ஒத்துழைக்க வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய உங்கள் பகுதியில் கார்த்திகை, மார்கழியில் துணி காய்வதே அரிது. ஈர வேட்டியோடு ஒரு மணி நேரம் அமர்வது பூஞ்சைக்கு நாம் செய்யும் நைவேத்தியம். நீராடியதும் உடலை நன்றாகத் துவட்டி, உலர்ந்த வேட்டி உடுத்திக்கொண்டு பூஜைக்கு அமரலாம். மடி காக்கும் வீடுகளிலும் முதல் நாளே துவைத்து உயர்த்திக் காயவைத்த வேட்டியை உடுத்துவதுதானே பழைய முறை? மடி என்பது தூய்மை. ஈரம் என்று பொருளில்லை. அரைஞாண் கயிற்றையும் கவனியுங்கள். எப்போதும் நனைந்தே கிடக்கும் அந்தக் கயிற்றின் கீழேதான் படர்தாமரை முதலில் குடியேறும். பழைய கயிற்றைக் களைந்து, தோல் ஆறிய பின் புதியதை அணிவதில் குற்றமில்லை. துண்டும் படுக்கை விரிப்பும் அவருக்குத் தனியாக இருக்கட்டும். உங்களுக்கோ பேரக்குழந்தைகளுக்கோ அரிப்பு இருந்தால் எல்லோரும் ஒன்றாகவே சிகிச்சை பெற வேண்டும். பூஞ்சைக்குத் தூவும் பவுடரைப் பயன்படுத்தினால், மூடிய அறையில் முகத்தருகே உதறாதீர்கள். அந்தத் தூசு ஆஸ்துமாக்காரரை இருமவைக்கும்.

நாட்டு மருந்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அருகிலுள்ள திருவான்மியூரில் மருந்தீசுவரராய் எழுந்தருளியிருக்கும் பெருமான் அகத்தியருக்கு மூலிகைகளின் இயல்பை உபதேசித்தார் என்பது தலபுராணம். மருந்தை அறிந்து உண்ண வேண்டும் என்பதே அந்த உபதேசத்தின் உட்பொருள் என்று நான் கொள்கிறேன். வண்டுகொல்லி இலையைப் படர்தாமரைக்குப் பூசுவது நம் வழக்கில் உண்டு. அதையும் சித்த மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் தொடங்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. டாக்டர் சௌரிமுத்து 1928இல் காசநோயாளிகளுக்காக நிறுவி, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குவதும் அதே சானடோரியத்தில்தான். இரண்டு வாசலிலும் ஒரே மருந்துப் பையைக் காட்டுங்கள். ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இருமலுக்கென்று அதிமதுரத்தை நாள்தோறும் மென்றுவந்தால், அது உடலில் கார்ட்டிசாலின் செயலை நீட்டி இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். ஸ்டீராய்டு ஏற்கெனவே மிகுந்திருப்பவருக்கு அது வேண்டாம்.

இன்ஹேலர் எடுத்ததும் வாயை நன்கு கொப்பளித்துத் துப்புவது அவசியம். இல்லையேல் நாக்கிலும் அண்ணத்திலும் வெண்படலமாய்ப் பூஞ்சை படரும். அதற்கு வாயில் தடவும் மைக்கோனசோல் ஜெல் தருவதுண்டு. களிம்புதானே என்று எண்ண வேண்டாம், அது விழுங்கப்படுவது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடவே கூடாது.

விரதத்தைப் பற்றி: உபவாசத்தைக் குலைக்காத எட்டுப் பொருள்களை நம் நூல்கள் எண்ணுகின்றன. நீர், கிழங்கு, கனி, பால் என்று போகும் அந்த வரிசையில் மருந்தும் ஒன்று. ஆகவே ஏகாதசியானாலும் பிரதோஷமானாலும் இன்ஹேலர் எடுப்பதால் விரதம் கெடாது; எடுத்த பின் கொப்பளித்துத் துப்புவதாலும் கெடாது. மருத்துவர் இட்ராகோனசோல் கேப்சூலைத் தொடரச் சொன்னால், அது வயிறு நிறைய உணவோடு உண்டால்தான் உடலில் சரியாகச் சேரும். உபவாச நாள்களில் என்ன செய்வது என்பதை அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறுதோறும் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலுக்குச் சென்று சரபேசுவரரை வழிபடுவதாக எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகச் செல்லட்டும். இரைப்பு தணியும்வரை தீபாராதனைப் புகையும் சாம்பிராணியும் சூழும் நெருக்கத்தில் நிற்காமல், காற்றோட்டமான பக்கம் நின்று தரிசிக்கட்டும். உடனடி நிவாரணத்துக்கான இன்ஹேலரைச் செருப்போடு வெளியே விட்டுவிடாமல் மடியில் செருகிக்கொள்ளட்டும்.

குலதெய்வக் கோயிலில் ஈரத் துணியோடு அங்கப்பிரதட்சிணம் செய்வதாக வேண்டிக்கொண்டிருக்கிறாராம். தை முடிவதற்குள் செய்யலாமா என்கிறீர்கள். இப்போது வேண்டாம். புண்பட்ட தோல் கல்தரையில் உரசும். அந்தத் தரையில் அடுத்து உருளுபவருக்கும் பூஞ்சை ஒட்டக்கூடும். தோல் மருத்துவர் ஆறிவிட்டது என்று சொன்ன பிறகு பங்குனியிலோ சித்திரையிலோ நிறைவேற்றலாம். அதுவரை ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து பூஜை அறையில் வைத்திருங்கள். வீட்டுப் பெரியவர்கள் காலங்காலமாகச் செய்துவந்ததுதான் அது.